நனைந்ததைச் சொல்லாத குடும்பம்

என் மாமாவுக்கு,

உங்களை வாய்விட்டு "மாமா" என்று நான் கூப்பிட்டது உங்களுடைய கடைசி இரண்டு கிழமைகளில்தான். அதற்கு முந்திய ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. அதனால் இந்தக் கடிதத்தில் ஆசை தீரக் கூப்பிடப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், மாமா.

போன வெள்ளிக்கிழமை உங்கள் மகள், என் யோகம், குவைத்திலிருந்து கோல் எடுத்தாள். நான் வழக்கம்போலக் காலையிலேயே பாதைப்படகில் வாவியைக் கடந்து ஆரையம்பதிக்குப் போய்விட்டேன். டெலிபோன் பேசும் கொமினிகேசன் கடையின் வாங்குப் பலகையில் பத்து மணியிலிருந்து குந்தியிருந்தேன். பன்னிரண்டு மணிபோல அழைப்பு வந்தது. அவளிடம் இருக்கும் கார்ட்டுக்கு மூன்று நிமிடம் பேசலாம். எப்போதும் முதலில் கேட்பதைத்தான் அன்றும் கேட்டாள்.

"அப்பா எப்படி இரிக்கார்?"

"ஓம், இரிக்கார்."

"புண் ஒண்டும் இல்லத்தானே?"

"இல்ல. ஒரு புண்ணும் இல்ல."

நீங்கள் செத்து அன்றைக்கு நாலு மாதமும் ஒரு கிழமையும், மாமா. என் முதல் பதில் பொய். இரண்டாவது உண்மை. உங்களை மண்ணில் வைக்கும்போது உங்கள் மேலில் ஒரு புண்கூட இருக்கவில்லை. அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் மற்றப் பொய்யை நாலு மாதமாக நான் இழுத்துக்கொண்டு திரிகிறேன்.

வாற மாதம் அவளுடைய இரண்டு வருடம் முடிகிறது. வீட்டுக்கு வரப்போகிறாள். உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு, உங்கள் வாழ்க்கையைச் சொல்லும் கல்வெட்டுப் புத்தகத்தை நான் அச்சடிக்கவில்லை. ஊரில் எல்லாரும் கேட்டார்கள். அச்சடித்தால் எவராவது ஒரு பிரதியைக் குவைத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம். இந்தக் கடிதம் அந்தக் கல்வெட்டுக்குப் பதில். யோகத்துக்குச் சொன்ன பிறகுதான் இதை அச்சுக்குக் கொடுப்பேன். அதுவரை உங்களுக்கும் எனக்கும் மட்டும் இருக்கட்டும்.

நமக்குள் பேச்சில்லாமல் இருந்ததற்குச் சண்டையா காரணம்? இல்லையே. நீங்கள் வட்டைவிதானை. எந்த நாள் எவன் வயலுக்கு வாய்க்கால் திறப்பது என்று தீர்ப்புச் சொல்லும் ஆள். நான் அக்கரையிலிருந்து வந்த வீச்சுவலைக்காரன். ஊர் வழக்கப்படி, தாலி கட்டிய கையோடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் பெண் வீட்டுக்கு வந்தேன். மருமகன் நிற்கும் இடத்தில் மாமன் சாரத்தை மடித்துக் கட்டமாட்டார். மாமன் நிற்கும் இடத்தில் மருமகன் கதிரையில் இருக்கமாட்டான். மாமி முன்னமே போய்விட்டதால் இடையில் யோகம் ஒருத்திதான் தபால்காரி. "அப்பா, அவர் சாப்பிட்டாராம்." "இஞ்சேருங்க, அப்பா உங்கள வயலுக்கு வரட்டாம்." மூன்று பேரும் ஒரே குசினிக்குள் நின்றுகொண்டுதான் இந்தத் தபால் நடக்கும்.

பிறகு வட்டைக்குள், வயல்வெளிக்குள், யாரும் இறங்க முடியாத காலம் வந்தது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வெடி. இரண்டு போகம் விதைப்பில்லை. யோகம் குவைத்துக்குப் போனாள். போகும்போது என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அப்பாவ உங்களிட்ட விட்டுட்டுப் போறன். நான் வரக்குள்ள அவர் முழுசா இரிக்கணும்."

அவள் போன பிறகு நாம் இருவரும் முற்றத்தில் கட்டியிருந்த ஆட்டோடு பேசத் தொடங்கினோம். "சோறு ஆறுது எண்டு சொல்லு" என்று நீங்கள் ஆட்டைப் பார்த்துச் சொல்வீர்கள். "வாறன் எண்டு சொல்லு" என்று நானும் அதன் முகத்தைப் பார்த்தே சொல்வேன். நம் குடும்பச் சங்கதி எல்லாம் அந்த ஆட்டுக்கு அத்துபடி. பக்கத்து வளவுப் பெண்கள் வேலிக்குப் பின்னால் நின்று சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். ஆனாலும் நேரே பேச வாய் வராது.

உங்களுக்கு இடது பக்கம் வாதம் இழுத்த அன்று ஆட்டிடம் சொல்லி என்ன பயன்? கதவுப் பலகையில் உங்களைக் கிடத்தி, நாலு பேர் பிடித்து, பாதைப்படகில் ஏற்றினோம். வாவியில் அன்று நல்ல காற்று. உங்கள் முகத்தில் தண்ணீர் தெறிக்காமல் நான் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. வானத்தைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள்.

ஆசுபத்திரியில் ஆண்கள் வாட்டு நிரம்பி, நிலத்திலும் பாய் விரித்திருந்தார்கள். உங்களுக்கு ஒரு கட்டில் கிடைத்ததே பெரிய விஷயம். பகலில் ஒரு ஆள் கூட நிற்கலாம் என்றார்கள். முதல் நாளே வாட்டுத் தாதி மிஸ்ஸி என்னிடம் தெளிவாகச் சொன்னா: "இவருக்குச் சலம் போறது தெரியும், ஆனா அடக்க ஏலா. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பாருங்க. நனைஞ்சிருந்தா உடன மாத்துங்க." நான் தலையை ஆட்டினேன். ஓம் மிஸ்ஸி, ஓம் மிஸ்ஸி. வாய் ஓம் என்றது, கால் யன்னலடிக்குப் போய்விட்டது.

எப்படிப் பார்ப்பேன், மாமா? ஆறு வருடம் உங்கள் முழங்காலைக்கூட நான் பார்த்ததில்லை. நீங்களும் சொல்லவில்லை. பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் விளங்கியது. மிஸ்ஸியிடம் பேர் சொன்னீர்கள், ஊர் சொன்னீர்கள். என்னிடம் மட்டும் ஒரு சொல் இல்லை. போர்வை நனைந்து கரை தெரிந்த பிறகுதான் நான் கட்டிலுக்குக் கிட்ட வருவேன். கண்ணை முகட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஈரச் சாரத்தை இழுத்தெடுத்து, காய்ந்த ஒன்றைச் செருகுவேன். கழுவியது பாதி, கழுவாதது பாதி. அதற்கு மேல் பவுடர்.

அந்தப் பவுடர் யோகம் அனுப்பியது. உங்களுக்கு வருத்தம், ஆசுபத்திரியில் கிடக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு, லீவில் வந்த ஒரு பிள்ளையிடம் இரண்டு டின் கொடுத்துவிட்டிருந்தாள். "ஆஸ்பத்திரியில அப்பாக்கு மணக்கக்கூடாது, நல்லாப் பூசுங்க" என்று துண்டெழுதி. மகள் வெயிலில் உழைத்து அனுப்பியது. எப்படிப் பூசாமல் விடுவேன்? பார்க்காத இடத்தில், கருவாட்டுக்கு உப்புப் போடுகிறமாதிரி, டின்னைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கொட்டினேன். வாட்டு முழுக்க ரோசாப்பூ மணம். நான் என் கடமையைச் சரியாகச் செய்கிறேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் மிஸ்ஸி உங்களை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தபோதுதான் விஷயம் வெளியில் வந்தது.

"ஆரு இவர்ட ஆள்?"

"நான்தான் மிஸ்ஸி. மருமகன்."

"மருமகனா? கண் தெரியாத மருமகனா?"

வாட்டே திரும்பிப் பார்த்தது. அவ தடித்த கண்ணாடி போட்ட, பென்சனுக்குக் கிட்டிய ஒரு மனுசி. கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டா. தாழ்த்துவா. அதுதான் இன்னும் சுட்டது. "இஞ்ச வாங்க. மேல பாக்காதீங்க. முகட்டுல ஒண்டும் இல்ல. இதப் பாருங்க."

பார்த்தேன், மாமா. தொடை இடுக்கிலிருந்து பின்பக்கம் வரை செக்கச்சிவந்து கிடந்தது. மடிப்புகளுக்குள் என் பவுடர் ஈரத்தில் குழைந்து, சுண்ணாம்புபோலக் கட்டி கட்டியாக இறுகி, அதன் விளிம்பு தோலை அரிந்திருந்தது. இரண்டு இடத்தில் தோல் உரிந்து ஈரம் கசிந்தது. அந்த ஒன்பது நாளும் அது எரிந்திருக்கும். நீங்கள் ஒரு முனகல்கூட விடவில்லையே. எதற்காக விடவில்லை? எனக்காகவா, உங்கள் மானத்துக்காகவா? இன்றைக்கும் எனக்கு அது தெரியாது.

"இது படுக்கைப் புண் இல்ல," என்றா மிஸ்ஸி. "இது சலத்துல ஊறின தோல். இப்ப கவனிச்சா நிப்பாட்டலாம். விட்டீங்களெண்டா படுக்கைப் புண்ணும் வந்து சேரும். மறுகா கிருமி உள்ளுக்குப் போகும். இந்த வயசுல அது ஆள எடுத்திரும். விளங்குதா?"

விளங்கியது. எனக்கு அது முன்னமே விளங்கியிருக்க வேண்டும். அதுதான் கொடுமை. விடிய இறங்கினால் பொழுது ஏறும்வரை வாவித் தண்ணீரில் நிற்கிறவன் நான். ஊறின கால் விரலிடுக்கு எப்படி வெடிக்கும், எப்படி எரியும் என்று எனக்குத் தெரியாதா? இறங்குமுன் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு இறங்குகிற எனக்கு, உங்கள் தோலும் தோல்தான் என்று தோன்றவில்லை. மருமகன் என்ற மரியாதையில் மனுசனை மறந்துபோனேன்.

அன்று மிஸ்ஸி என் கையைக் கொண்டே எல்லாவற்றையும் செய்வித்தா. இளஞ்சூட்டு வெறும் தண்ணீர். சவுக்காரம் வேண்டாம். உரஞ்சக் கூடாது. பழைய மெல்லிய துணியைத் தோய்த்து, பவுடர்க் கட்டியை ஊறவிட்டு ஊறவிட்டு எடுக்க வேண்டும். பிறகு துடைக்காமல் ஒத்தி ஒத்தி உலர்த்த வேண்டும். மடிப்புகள் உலர்ந்த பிறகு வெள்ளைக் களிம்பு, மெல்லிசாக. "அப்பிறதில்ல, பூசுறது. சலம் தோல்ல படாம இது தடுக்கும். உங்கட பவுடர் என்ன செய்யும்? ஈரத்தக் குடிச்சுக் கல்லாப் போகும்." றப்பர் சீட் நேரே மேலில் படக்கூடாது என்று, அதற்கு மேல் பருத்தித் துணியை இரண்டாக மடித்துப் போடுவித்தா. அவ சொல்லச் சொல்ல என் கை செய்தது. நீங்கள் துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு கிடந்தீர்கள்.

"தண்ணி குடிக்கிறாரா? உதடு காய்ஞ்சு கிடக்கு."

பதில் பக்கத்துக் கட்டிலிலிருந்து வந்தது. கால் முறிந்து, காலைத் தூக்கிக் கட்டிக் கிடந்த காத்தான்குடிப் புடவைக்கடைக் காக்கா. முஸ்லிம் அண்ணன்மாரை நாம் அப்படித்தானே கூப்பிடுவோம். "எங்க மிஸ்ஸி குடிக்கிறார்? தேத்தண்ணி வந்தா எனக்குத்தான் நீட்டுறார். நானும் மறுக்காமக் குடிக்கன். வாய்க்கு வந்தத வேணாமெண்டு சொல்லலாமா?"

"குடிக்காட்டி சலம் வராது எண்டு நினைக்கிறார் போல," என்றா மிஸ்ஸி. துவாய்க்கு மேலால் உங்களோடு பேசினா. "ஐயா, குடிக்காம விட்டா வாற கொஞ்சச் சலமும் கடுக்கும். கடுத்த சலம் தோல இன்னும் எரிக்கும். குடியுங்க. நேரத்துக்குச் சலப் போத்தலக் கேளுங்க. கேக்கிறதில வெக்கம் என்ன?"

துவாய் அசையவில்லை.

அன்று தொடக்கம் காக்காதான் நமக்குத் தபால்காரர். வெளியில் உங்கள் ஊருக்கும் அவருடைய ஊருக்கும் பேச்சுக் குறைந்திருந்த காலம் அது. இரண்டு பக்கமும் பயம், இரண்டு பக்கமும் இழப்பு. உள்ளே அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பார். நீங்கள் மெல்ல "காக்கா" என்பீர்கள். அவ்வளவுதான். உடனே அவர் யன்னல் பக்கம் குரல் கொடுப்பார். "மருமகனே, மாமாட பக்கம் வாங்க. தண்ணி வந்திட்டாம்." சில நேரம் நக்கலும் வரும். "ஊர் வயலுக்கெல்லாம் தண்ணி திறந்த மனிசன், சொந்த மடைய மூட ஏலாமக் கிடக்கார். அல்லாஹ்ட வேலையப் பாருங்க." நீங்கள் துவாய்க்குள் சிரித்ததை நான் கண்டேன்.

அவர் கடையிலிருந்து புதுத்துணி ஒரு கட்டு எடுப்பித்தார். மிஸ்ஸி விடவில்லை. கஞ்சி போட்ட துணி அறுக்கும், பழசுதான் வேண்டும் என்றா. காக்காவுக்குக் கோபம். "நாப்பது வருசம் புதுத்துணி விக்கிறன். இண்டைக்குத்தான் ஒரு ஆள் வேணாமெண்டு சொல்றா." பிறகு வீட்டுக்குச் சொல்லி, வருடக்கணக்கில் தோய்த்துப் பஞ்சாகிப்போன சாரங்கள் ஏழெட்டு அனுப்புவித்தார். உங்கள் கடைசி நாட்கள் முழுக்க நீங்கள் படுத்தது ஒரு காத்தான்குடி மனுசன் கட்டிக் கழித்த சாரத்தில்தான்.

நான் ஈரத்துணிகளைப் பொழுதுபட வீட்டுக்குக் கொண்டுவந்து, வாவிக்கரையில் அலசி, கிணற்றுத் தண்ணீரில் இரண்டு தரம் தோய்த்து, இரவு முழுக்கக் காற்றில் காய வைத்துக் காலையில் கொண்டுபோவேன். துறையடிச் சோதனையில் ஒருநாள் ஆமிக்காரன் ஒருவன் மூட்டையை அவிழ்க்கச் சொன்னான். நான் தமிழில் சொன்னது அவனுக்கு விளங்கவில்லை. அவன் சிங்களத்தில் கேட்டது எனக்கு விளங்கவில்லை. தடியால் கிண்டினான். மணம் வந்தது. நான் கையால் ஒரு கிழவரைக் காட்டினேன், படுக்கையைக் காட்டினேன், பிறகு என்ன செய்வது, அதையும் காட்டினேன். அவன் தடியைக் கீழே வைத்துவிட்டு மூட்டையைத் தன் கையாலேயே கட்டித் தந்தான். அடுத்த நாள் தொடக்கம் என்னைக் கண்டதும் போ என்று தலையசைப்பான். இதை உங்களிடம் சொல்லவேண்டுமென்று அன்றே நினைத்தேன். ஆனால் காக்காவிடம்தான் சொன்னேன்.

மிஸ்ஸி ஏசிய நாளிலிருந்து மூன்று கிழமையில் காக்காவுக்குத் துண்டு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு விட்டார்கள். போகும்போது ஊன்றுகோலில் நின்று நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் போனா ரெண்டு பேரும் என்ன செய்யப் போறீங்க? வாய் ஆண்டவன் தந்ததுதானே," என்றுவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. பக்கத்துக் கட்டில் வெறுமையாக இருந்தது. நான் கட்டில் ஓரத்தில் இருந்தேன். உங்கள் முகம் சுருங்கியது. நீங்கள் அந்த வெறுங்கட்டிலைப் பார்த்தீர்கள், பிறகு யன்னலைப் பார்த்தீர்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. மணமும் வந்தது. எழும்பி மாற்றியிருக்கலாம். ஆனால் எனக்குள் ஒரு பிடிவாதம். கேட்கட்டும், ஒரு தடவையாவது என்னிடம் கேட்கட்டும் என்று குந்தியிருந்தேன். கிழவரைச் சலத்தில் ஊறவிட்டு வீம்பு பார்த்த ஆள் நான், மாமா. கால் மணித்தியாலம் இருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"தம்பி."

நான் திரும்பினேன்.

"நனைஞ்சிற்று."

"ஓம் மாமா."

"எத்தின வயல் பாத்தவன் நான். நிண்ட தண்ணி வேர அழுக்கும் எண்டு எனக்குத் தெரியாதா? சொல்லத்தான் நாக்கு எழும்பல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கழுவினேன், ஒத்தினேன், களிம்பு பூசினேன். அன்று நீங்கள் முகத்தில் துவாய் போடவில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டு, "மெல்ல, மெல்ல, அது என்ன வலையா?" என்றீர்கள். அழுகிற ஆளைச் சிரிக்க வைத்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு கிழமைதான் நான் உங்களோடு வாழ்ந்த காலம். ஈரம் வருமுன்னமே "தம்பி, போத்தல்" என்று கேட்கத் தொடங்கினீர்கள். தேத்தண்ணியை முழுதாகக் குடித்தீர்கள். "கிறுகிப் படுப்பமா மாமா?" என்றால் நல்ல கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நீங்களே பாதி திரும்புவீர்கள். கதையோ கதை. எந்த வாய்க்கால் எந்தப் பக்கம் சரிவு, எவன் களவில் மடை திறந்தான் என்று எல்லாம். "முதல்ல எனக்கு உங்களப் பிடிக்கல்ல தம்பி" என்றீர்கள். "தெரியும் மாமா" என்றேன். ஒருநாள் மாமியைப் பற்றிச் சொன்னீர்கள். அவ பாயில் கிடந்த மூன்று மாதமும் நீங்கள் வாசலில்தான் இருந்தீர்களாம். பெண்கள் பார்க்கிற வேலை என்று உள்ளே போகவில்லையாம். "ஒரு துணி நனைச்சுக் குடுக்கல்ல நான்" என்றீர்கள்.

அந்த நாட்களில்தான் சொன்னீர்கள்: "புண் வந்தத யோகத்துக்குச் சொல்லாதீங்க. அங்க தனிய இரிந்து ஏங்கிப் போயிருவா." நான் ஓம் என்றேன். நீங்கள் சொன்னது புண்ணைப் பற்றி மட்டும். அதை நான் உங்கள் சாவுக்கும் சேர்த்து இழுத்துக்கொண்டேன்.

சிவப்பு மெல்ல மங்கியது. உரிந்த இரண்டு இடமும் மூடிப் புதுத்தோல் வந்தது. மிஸ்ஸி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தா. "இப்பதான் மருமகன்" என்றா. இன்னும் நாலைந்து நாளில் வீட்டுக்கு விடலாம் என்று பெரிய டொக்டரும் சொன்னார். உங்கள் அறையில் யன்னலோரமாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டு, தடுப்புக்கு இரண்டு பலகை அடித்து வைத்தேன்.

மூன்றாம் நாள் நான் காலையில் வாட்டுக்கு வந்தபோது உங்களை மூடியிருந்தார்கள். திரும்பவும் இழுத்ததாம், இந்த முறை தலைக்குள். புண்ணால் இல்லை என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார், நான் இரண்டு தரம் கேட்டதால். மிஸ்ஸி என் தோளில் கை வைத்தா. "விடிய மாத்திவிட்டனான். காய்ஞ்சுதான் கிடந்தார். மருமகன்ட பாதைப்படகு வந்திற்றா எண்டு கேட்டார்." சோதனையடியில் அன்று வரிசை நீளம், மாமா. அரை மணித்தியாலம் பிந்திவிட்டேன்.

உங்களைத் திரும்பவும் வாவிக்கு மேலால் கொண்டுவந்தோம். முற்றத்தில் குளிப்பாட்டும்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் உங்கள் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒண்டரை மாசம் பாயில கிடந்த மனிசன்ட மேலா இது? குழந்தைட மேல் மாதிரி இரிக்கி." எனக்கு அப்படியொரு பெருமை. பிணத்துக்குப் பக்கத்தில் நின்று பெருமைப்பட்ட ஆள் நான். யோகத்துக்கு இதைச் சொல்லவேண்டும், உடனே சொல்லவேண்டும் என்று ஓடியது மனம். அப்போதுதான் உறைத்தது, இதைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முன் மற்றதைச் சொல்ல வேண்டும்.

உங்களை அடக்கிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை சொல்லத்தான் போனேன். மூன்று நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு அப்பா செத்த செய்தியைச் சொல்லி, அழவிட்டு, ஆற்றி முடிக்க ஏலுமா? லைன் அறுந்தால் அவள் அந்தப் பெரிய வீட்டுக் குசினியில் தனியே நின்று என்ன செய்வாள்? அடுத்த முறை சொல்வோம். அடுத்த முறையும் இதே நியாயம். உழைப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்துவிடுவாள் என்று ஊரும் சொன்னது. எனக்கு வசதியாகப் போயிற்று.

இப்போது வீட்டில் நான் தனி. அவளுடைய வீடு, உங்களுடைய கட்டில், என்னுடையது என்று சொல்ல ஒரு வலை. கை அளவு தெரியாமல் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிடுகிறேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும்போது இரண்டு மணித்தியாலம் ஆனால் கை தானாக நிற்கிறது. எழும்பி உங்கள் அறை வாசல்வரை போய்விடுவேன். கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். பேச ஆள் இல்லை, மாமா. முன்பும் பேசவில்லைதான். ஆனால் அப்போது பேசாமல் இருப்பதற்காவது ஆள் இருந்தது.

போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கடைசி நிமிடத்தில் யோகம் கொண்டுவரப்போகும் சாமான்களைச் சொன்னாள். எனக்கு ஒரு கைக்கடிகாரமும் சேர்ட்டுத் துணியும். பக்கத்து வளவு மாமிக்குக் கம்பளிப் போர்வை. அந்த மாமியின் பிள்ளைகளுக்குச் சொக்லேட். மிஸ்ஸிக்குக்கூட ஒரு சென்ற் போத்தல். பட்டியல் அவ்வளவுதான். லைன் அறுந்தது. நான் ரிசீவரை வைத்துவிட்டுப் பாதைப்படகில் ஏறி, வாவியின் நடுவில் வந்தபோதுதான் எண்ணிப் பார்த்தேன். உங்களுக்கு ஒன்றும் இல்லை. போன வருடம் சாமான் அனுப்பும்போது முதலில் சொன்னது உங்களுக்கான சால்வையைத்தான். யோசித்துப் பார்த்தால், அவள் உங்கள் குரலைக் கேட்கவேண்டும் என்று அடம் பிடித்தும் மூன்று மாதமாகிறது.

அவளுக்குத் தெரியும், மாமா. எவரும் சொல்லவில்லை, ஆனாலும் தெரியும். என் "ஓம், இரிக்கா"ரில் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே ஒவ்வொரு வெள்ளியும் "அப்பா எப்படி?" என்று கேட்கிறாள். நான் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் நேரே கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை என்று அவள் நேரே கேட்கவில்லை. நாலு மாதம் அந்தப் பிள்ளை தனியே அதற்குள்ளேயே கிடக்கிறாள். ஒன்பது நாளில் உங்கள் தோல் என்ன ஆனது என்று என் கண்ணால் பார்த்தவன் நான்.

ஆகவே இது என் வாக்கு. வாற வெள்ளிக்கிழமை அவள் "அப்பா" என்று தொடங்குமுன் நானே சொல்வேன். சுற்றி வளைக்கமாட்டேன். "யோகம், அப்பா போயிட்டார். நாலு மாசம் கழிஞ்சுது. நான்தான் மறைச்சன்" என்பேன். புண் இல்லை என்ற பெருமையை முதலில் நீட்டமாட்டேன். அந்த ஒன்பது நாளையும் சொல்வேன், பவுடரைச் சொல்வேன், வீம்போடு நான் குந்தியிருந்த கால் மணித்தியாலத்தையும் சொல்வேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள், தெரியும். இந்த ஒன்றில் உங்கள் சொல்லை மீறுகிறேன்.

கார்ட் முடிந்து லைன் அறுந்தால் அறுந்துபோகட்டும். அவள் அழுது, முகம் கழுவி, எங்கேயாவது இன்னொரு கார்ட் தேடிப் பிடித்துத் திரும்ப எடுக்கும்வரை நான் அந்த வாங்கைவிட்டு எழும்பமாட்டேன். கடைசிப் பாதைப்படகு என்னை விட்டுப் போனாலும் சரி, மாமா.

உங்கள் மகளை இன்னும் மூன்று நாள் தனியே விட்டிருக்கும்,
உங்கள் மருமகன்
தங்கராசா